மேல்தாடை

குரலைக் கேட்டதுமே வெண்மதிக்கு ஈறு கூசியது. முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்க இல்ல, வாய மூடிக்கிட்டு உக்காரு கண்ணு" என்றது அந்தக் குரல். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் வெல்லம் தடவிய ஒரு தினுசு. கடைசி வார்த்தையை லேசாக இழுத்து விடுகிற அந்தப் பழக்கத்தைப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு மத்தியானம் வெண்மதி கேட்டிருக்கிறாள். அது போதாதா? சிலருக்குப் பாட்டு மறக்காது, சிலருக்கு வசவு மறக்காது, வெண்மதிக்கு இந்தக் குரல். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அன்பரசி, வயது ஒன்பது, மொரப்பூர். தாய் பெயர் நிர்மலா. சந்தேகமே இல்லை, அவளேதான்.

தர்மபுரி டவுனில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் பல் ஆஸ்பத்திரி அது. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் வரவேற்பறையில் உட்கார இடமில்லை. நிர்மலா மூலையில் இருந்த நாற்காலியில் மகளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உடம்பு இரண்டு சுற்றுப் பெருத்திருந்தது, கழுத்தில் சங்கிலி ஒன்று கூடியிருந்தது, முன்நெற்றியில் மை பூசிய முடி செம்பட்டையடித்துக் கிடந்தது. பக்கத்திலிருந்த அம்மாளிடம் எதையோ சொல்லிச் சிரித்தபோது அந்தப் பல் வரிசை மட்டும் அன்றைக்குப் போலவே இருந்தது. மேட்டூரில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த வெள்ளை வெளேரென்ற பல்.

அந்த மத்தியானத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வெண்மதி செய்யப்போகும் காரியத்துக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

பொம்மிடிக்குப் பக்கத்தில் வெண்மதியின் ஊர். கிணறு வற்றிப்போய் போர் போட்டுக் குடிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற பல்லெல்லாம் பழுப்புக் கோடும் புள்ளியுமாகத்தான் முளைத்தது. பாறைக்குள் இருக்கும் ஏதோ ஒன்று தண்ணீரில் கரைந்து வருகிறது என்று அதிகாரிகள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும் அதே பல். அதனால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. அதைக் குறை என்று சொல்ல வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

வந்தார்கள். வெண்மதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாப்பிள்ளை நவநீதன், மேட்டூரில் கம்பெனி வேலை. இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். காபித் தட்டை நீட்டியவளைப் பார்த்து, மாப்பிள்ளையின் அக்கா நிர்மலா, "கொஞ்சம் சிரி பாக்கலாம்" என்றாள். சொன்னதும் சிரித்துத் தொலைத்தாள் வெண்மதி. அந்த மடத்தனத்தை இன்றுவரை அவள் தனக்குத்தானே மன்னிக்கவில்லை.

"பொண்ணுக்கு வெத்தல போடற பழக்கம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள் நிர்மலா.

"ஐயோ, இல்லீங்க. இந்தப் பக்கத்துத் தண்ணி அப்படிங்க" என்றாள் வெண்மதியின் அம்மா குள்ளம்மாள்.

"கறையா, இல்ல பல்லே இப்படியான்னு தெரிஞ்சுக்கலாம் இல்லீங்களா. ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா அறுத்துக் கொண்டாங்க. உப்பு தொட்டுத் தேய்ச்சுப் பாத்துடலாம்."

கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். மாமன்மார்கள் தரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை போனைப் பார்த்தான். யாராவது ஒருவர் எழுந்து, போங்கடி வெளியே என்று சொல்லியிருக்கலாம். குள்ளம்மாள் எழுந்தாள், நேராக அடுப்படிக்குப் போனாள், பழத்தை அறுத்தாள். அரை மூடியை உப்பில் தோய்த்துக் கொண்டுவந்து மகள் கையில் வைத்து, "தேயி சாமி, கொஞ்சம் போனாலும் போவும்" என்றாள். பின்வாசல் துணி துவைக்கும் கல்லருகே பட்டுச் சேலையோடு நின்று வெண்மதி தேய்த்தாள். நிர்மலா பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் அழுத்தி" என்றாள். ஈறு கிழிந்து ரத்தம் கசிந்தது, உப்பு எரிந்தது, பழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. "பல்லேதான்" என்று முடிவு சொல்லிவிட்டு நிர்மலா உள்ளே போய்க் கேசரி சாப்பிட்டாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு எட்டு இடம் வந்தது. வெண்மதி ஒருவர் முன்னாலும் போய் நிற்கவில்லை. முப்பத்தாறு வயதாகிறது. அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள், ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறாள், அந்தப் பழத்தை ஏன் அறுத்தாய் என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.

எட்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜாஸ்மினுக்கு உதவியாளர். மாஸ்க் போட்டுக்கொண்டு செய்கிற வேலை என்பதால்தான் சேர்ந்தாள். வேலையும் கைக்கு வந்துவிட்டது. டாக்டர் இரண்டு மூன்று தரம், "வெண்மதி, உனக்கு முன்னாடி ஆறு பல்லுக்கும் மேல ஓடு ஒட்டிடறேன், ஒரே நாள்ல வெள்ளையாகிடும்" என்று கேட்டுப் பார்த்தார். "யாருக்காக மேடம்?" என்று வெண்மதி திருப்பிக் கேட்ட தினுசில் டாக்டர் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

"அன்பரசி, வாங்க" என்று கூப்பிட்டாள்.

அம்மாவும் மகளும் உள்ளே வந்தார்கள். நிர்மலா அவள் கண்ணை நேராகப் பார்த்து, "வணக்கம் சிஸ்டர்" என்றாள். அடையாளம் தெரிந்ததற்கான ஒரு சலனமும் இல்லை. நாற்காலியில் ஏறிச் சாய்ந்த குழந்தை, சொல்லாமலே வாயைத் திறந்தது. வெண்மதி விளக்கை இழுத்துப் பார்த்தாள். மேல் முன்பல் நான்கிலும் பழுப்புக் கோடு, நடுவில் இரண்டில் புள்ளி புள்ளியாகப் பள்ளம். அவள் ஊர்ப் பல்.

"எங்க வூட்டுக்காரர் ரயில்வேங்க. மொரப்பூருக்கு மாத்தலாகி வந்து பத்து வருசமாச்சு. லைனுக்கு அந்தாண்ட ஒரு தோட்டத்து வூட்ல குடியிருக்கோம். போர் தண்ணிதான். யாருக்குத் தெரியும் இப்படி ஆவும்னு" என்று நிர்மலா சொல்லிக்கொண்டே போனாள். வெண்மதிக்கு மனசுக்குள் குலவை போட்டது. பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் அவளுக்குக் குழந்தை மேல் இரக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. பாதி வேலையைத் தண்ணீரே செய்து வைத்திருந்தது. மீதி தன் கையில் இருக்கிறது என்று நினைத்தாள்.

அன்பரசிக்கு மேல்தாடை குறுகல். விரித்துவிட ஒரு தகடு போட வேண்டும் என்று வெண்மதி லீவில் இருந்த போன வாரமே டாக்டர் எழுதியிருந்தார். அதற்கு இன்றைக்கு அளவு எடுக்க வேண்டும். அளவு எடுக்க அங்கே இரண்டு வழி உண்டு. பழைய வழி மாவு. பொடியைத் தண்ணீரில் குழைத்து, இரும்புத் தட்டில் நிரப்பி, வாய்க்குள் அழுத்தி, அது ரப்பராக இறுகும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாவு தொண்டைப் பக்கம் வழிந்தால் பிள்ளைகள் குமட்டும், துள்ளும், சில சமயம் வெண்மதியின் மேலேயே வாந்தி எடுக்கும். அப்புறம் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் பல் வரிசை வெள்ளையாக எழுந்து வரும். அப்படி ஊற்றிய அச்சுகள் பின்னறை அலமாரி முழுக்கப் பெயர் எழுதி அடுக்கியிருந்தன. அந்த அலமாரியில் மட்டும் தர்மபுரி மாவட்டப் பிள்ளைகள் எல்லோருக்கும் வெள்ளைப் பல்.

புது வழி ஸ்கேனர். ஆறு மாதம் முன்பு வந்தது. தடித்த பேனா போல ஒன்று, நுனியில் கேமரா. வாய்க்குள் விட்டுப் பல் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், நாற்காலிக்கு எதிரே சுவரில் மாட்டிய டிவியில் தாடை துண்டு துண்டாக வளர்ந்து முழுசாகிவிடும். குமட்டல் இல்லை, வலி இல்லை. பிள்ளைகள் கார்ட்டூன் மாதிரி பார்த்துக்கொண்டு கிடக்கும்.

"சிஸ்டர், மாவு மட்டும் வெக்காதீங்க. இவளுக்கு மாத்திர போட்டாலே குமட்டும். கேமராவுல எடுக்கறதா யூட்யூப்ல பாத்தன். இங்க அது இருக்குது இல்லீங்களா?" என்று கேட்டாள் நிர்மலா.

"கேட்டுட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வெண்மதி பின்னறைக்குப் போனாள்.

யாரையும் கேட்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மாவு குழைக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்தால் மாவு ஒரு நிமிஷத்துக்குள் இறுகிவிடும், பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்வார்கள். ஐஸ் தண்ணீரில் குழைத்தால் நாலு நிமிஷம் ஆனாலும் கொழகொழவென்றே கிடக்கும். தட்டின் பின்பக்கம் கொஞ்சம் தாராளமாக நிரப்பினால் மாவு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு நிமிஷம். மகள் கண் பிதுங்கி உதைத்துக்கொள்வதை அம்மாக்காரி நாலு நிமிஷம் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தானும் சொல்லலாம். ஸ்கேனர் இன்றைக்கு ரிப்பேர் என்றால் முடிந்தது, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

ரப்பர் கிண்ணத்தில் பொடியை அள்ளிப் போட்டுவிட்டாள். பாட்டிலின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறியபோதுதான் அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஸ்கேனர் வந்த முதல் வாரத்தில் பென்னாகரம் பக்கத்துச் சிறுமி ஒருத்தி, டிவியில் தன் பல்லைப் பார்த்ததும் சட்டைக் காலரை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை. கண்ணாடியில் பார்க்கிற பல் வேறு, நாலடி டிவியில் ஒரு பல் உள்ளங்கை அகலத்துக்கு நிற்பது வேறு. அன்றைக்குச் சாயங்காலம் வெண்மதிதான் அந்த மிஷினின் பட்டன்களை எல்லாம் நோண்டி, கலரை அணைக்க ஒரு பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அழுத்தினால் பல், ஈறு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தகடு செய்கிறவருக்கு வடிவம் போதும், நிறம் எதற்கு? "நம்ம ஊரு பிள்ளைங்களுக்குக் கலரே வேண்டாம் மேடம்" என்று சொன்னவள் அவள்தான். டாக்டர் அதைச் சீட்டில் எழுதி மிஷின் மேல் ஒட்டியே வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்கேனரை எடுத்தால் முதலில் கலரை அணைப்பது கை தன்னால் செய்கிற வேலையாகிவிட்டது.

"கேமராவுலயே எடுத்துடலாங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்கேனரைப் போட்டாள். கை பட்டன் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள்.

"அம்மாவும் இப்படி வந்து நில்லுங்க. டிவி நல்லாத் தெரியும்" என்றாள்.

கீழ்த்தாடை சுலபமாக முடிந்தது. கீழ்ப்பல்லில் அவ்வளவு நிறம் இல்லை. ஒவ்வொரு பல்லாகத் திரையில் முளைத்து வருவதைப் பார்த்து அன்பரசிக்குக் குஷி. கேமராவை வெளியே எடுத்ததும், "ஐ, அது என்னுதா? கடப்பாறைல தோண்டி எடுத்தாப்பல இருக்குது" என்றாள். அடுத்த அறையில் டாக்டர் யாருடைய பல்லையோ குடைகிற சத்தமும், அந்தப் பிள்ளை வீறிடுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. வெண்மதி கேமராவை மேல்தாடையின் வலது கடைசிப் பல்லில் வைத்தாள். கடைவாய், அடுத்தது, அதற்கடுத்தது. கோரைப்பல்லைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தாள்.

முன்பல் நான்கும் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. அவசரமே படவில்லை வெண்மதி. முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம், விளிம்பில் ஒரு தரம். கோடு கோடாகப் பழுப்பு, பள்ளத்துக்குள் கருப்பு, எல்லாம் தெளிவாக எழுந்தன. கேமராவை வெளியே எடுத்துவிட்டு, மிஷினின் திரையில் விரலால் அந்த நாலு பல்லை மட்டும் டிவி நிறைய இழுத்துப் பெரிதாக்கினாள். லேசாகத் திருப்பியும் காட்டினாள்.

அன்பரசி பேச்சை நிறுத்திவிட்டாள்.

"இவ்ளோவா இருக்குது?" என்று நிர்மலா இரண்டடி முன்னால் வந்தாள். "மிஷின்ல அப்படித் தெரியுதுங்களா சிஸ்டர்?"

"மிஷின் இருக்கறதத்தான் காட்டுமுங்க."

"கறைதானுங்க? போயிடும் இல்லீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று வெண்மதிக்குத் தெரியும். பதினான்கு வருஷமாகப் பல் துலக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், அந்தப் பெண்மணியை என்றைக்காவது பார்த்தால் என்று ஆரம்பித்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது வாய்ப்பு தானாக வந்து நிற்கிறது. குரலில் அதே வெல்லத்தைத் தடவிக்கொண்டாள்.

"கறையா, இல்ல பல்லே இப்படியான்னு தெரிஞ்சுக்கணும்னா ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்து, உப்பு தொட்டுத் தேய்ச்சுப் பாத்துடலாமுங்க."

சொல்லிவிட்டு நிர்மலாவின் முகத்தையே பார்த்தாள். அது வெளிறும், கண் தாழும், நா குழறும் என்று காத்திருந்தாள். நிர்மலா குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் நெருங்கி வந்தாள்.

"தேய்க்கறனுங்க சிஸ்டர். ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம ஆனா தேய்க்கறன். போவ மாட்டேங்குது. சோடா மாவு சேத்துக்கலாமுங்களா? நாளைக்கு இவளும் ஒருத்தர் முன்னால போயி நிக்கணும் இல்லீங்களா?"

"எரியும்" என்றது குழந்தை, டிவியைப் பார்த்தபடியே. "கத்துனா அம்மா இன்னும் அழுத்தும்." அதைச் சொல்லிவிட்டு அன்பரசி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

வெண்மதி மனசுக்குள் ஓங்கிய கை காற்றில் நின்றுவிட்டது. திரையைத் திரும்பிப் பார்த்தாள். பழுப்பைப் பெரிதாக்குகிற மும்முரத்தில் அவள் பார்க்காமல் விட்டது அங்கேயே இருந்தது. முன்பல் நான்குக்கு மேலே ஈறு மட்டும் செக்கச்செவேலென்று தேய்ந்திருந்தது, பல்லின் பளபளப்பு உப்புத் தாளால் உரசியது போல் மங்கியிருந்தது. இத்தனை வருஷம் பல்லோடு மாரடிக்கிறவள், வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்திருக்க வேண்டியது. கோபம் இரட்டிப்பாக வந்தது. நிர்மலா மேல், அறுத்துக் கொடுத்த அம்மா மேல், பட்டனை அழுத்தாத தன் கை மேல். எதை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்ததைப் பிடித்தாள்.

"பொம்மிடிகிட்ட ஒரு வூட்டுக்குப் போனீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? பதினாலு வருசம் ஆவுது. உங்க தம்பி நவநீதனுக்குப் பொண்ணு பாக்க. பின்வாசல்ல துணி தொவைக்கிற கல்லுகிட்ட நிக்க வெச்சு, இதே எலுமிச்சம்பழத்தத் தேய்க்கச் சொன்னீங்க. ரத்தம் வந்தப்பறமும் அழுத்தித் தேயின்னீங்க."

நிர்மலாவின் நெற்றி சுருங்கியது. உண்மையாகவே யோசித்தாள். அதுதான் கொடுமை, நடிக்கவில்லை, விரல் விட்டு எண்ணாத குறையாக யோசித்தாள்.

"தம்பிக்கு ஒரு இருபது எடம் பாத்திருப்போமுங்க" என்றாள். "இந்தப் பக்கமே நாலஞ்சு வூடு. அதுல எந்த வூடுங்க நீங்க? பல்லு பாத்துத்தான் ரெண்டு மூணு எடம் வேண்டான்னோம்." பிறகு, வேறு எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்பது போல, "கொஞ்சம் மாஸ்க்க எறக்குங்க பாக்கலாம்" என்றாள்.

"மாட்டன்" என்றாள் வெண்மதி.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்குப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்தது. அன்றைக்குக் கூடத்தில் காபித் தட்டோடு நின்றபோது இதைச் சொல்லியிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? நிர்மலாவின் முகம் இப்போதுதான் வெளிற ஆரம்பித்தது. வெண்மதி அதை ஆசை தீரப் பார்த்தாள். கொஞ்ச நேரம் இனிக்கத்தான் செய்தது.

"வெண்மதி, முடிஞ்சுதா? அடுத்த பேஷண்ட்ட உக்கார வெக்கலாமா?" என்று அடுத்த அறையிலிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"ரெண்டு நிமிசம் மேடம்."

முடியவில்லை. திரையில் மேல்தாடை பாதிதான் இருந்தது. வலப்பக்கமும் முன்பல்லும் வந்திருந்தன. இடப்பக்கம் வெட்டி எடுத்தது போல வெறுமை. மேசை மேல் வைத்த கேமரா பல்லைத் தேடித் தேடி விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. நிர்மலா சட்டென்று நினைவு வந்தவளாக மகள் பக்கம் குனிந்தாள். பேச்சை மாற்ற அவளுக்கும் ஒரு வேலை தேவைப்பட்டது.

"கண்ணு, கைய எடு. அளவு எடுக்கணும் இல்ல. வாயத் தொற சாமி."

அன்பரசி அம்மாவைப் பார்த்தாள். பிறகு வெண்மதியைப் பார்த்தாள். கைக்குள்ளிருந்து, "மாட்டன்" என்றாள்.

வெண்மதி சொன்ன அதே இழுப்பில், அதே அழுத்தத்தில் சொன்னாள். நிர்மலா கையைப் பிடித்து விலக்கப் பார்த்தாள். குழந்தை முகத்தை நாற்காலியின் பக்கவாட்டில் புதைத்துக்கொண்டது. காது வரைக்கும் சிவந்திருந்தது. எத்தனை வருஷத்துக்கு இந்தக் கை இறங்காது என்று வெண்மதிக்குக் கணக்காகத் தெரியும். அவள் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. நிர்மலா பெற்ற பிள்ளை நிர்மலாவுக்கே வாயைத் திறக்காது. போட்டோவில் சிரிக்காது, வகுப்பில் எழுந்து பதில் சொல்லாது, கல்யாண வீட்டில் கை மறைவில் சாப்பிடும். ஐஸ் தண்ணீர் மாவென்றால் நாலு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

பட்டனை அழுத்தினாள். திரை சாம்பல் நிறமானது. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கைய விடுங்கக்கா" என்றாள் நிர்மலாவிடம். "விடுங்கன்னா விடுங்க."

நிர்மலா விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். அறையில் கேமரா கூவுவது மட்டும் கேட்டது. வெண்மதி அதை அணைத்தாள். நாற்காலியின் பக்கவாட்டிலிருந்து முதலில் ஒரு கண் வந்தது, பிறகு இன்னொரு கண்.

"அக்கா" என்றாள் அன்பரசி, கைக்குள்ளிருந்தே.

"என்ன பாப்பா?"

"உங்களுக்கும் போவலையா?"

வெண்மதி சக்கர ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நிர்மலாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். நாற்காலிக்கு மேல் இருந்த விளக்கின் கைப்பிடியைப் பிடித்துக் குழந்தையின் முகத்திலிருந்து விலக்கித் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். கண் கூசியது. எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளை இந்த வெளிச்சத்தில் கிடத்தியிருக்கிறாள், இது இவ்வளவு சூடு என்று அவளுக்குத் தெரியாது. மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். டாக்டர் சொன்னால் பிள்ளைகள் திறப்பது போல வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

அன்பரசி முழங்கையை ஊன்றி எழுந்தாள். முன்னால் சாய்ந்து, வலது கடைசியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கண்ணு? என்ன தெரியுது?" என்று பின்னாலிருந்து நிர்மலா கேட்டாள். ஒரு தரம் இந்தப் பக்கமும் ஒரு தரம் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். வெண்மதியின் முதுகு இரண்டு பக்கமும் மறைத்தது. குழந்தை முன்பல்லுக்கு வந்ததும் நின்றது. ஒரு கை இன்னும் வாய் மேலேயே இருந்தது. இன்னொரு கையை மெதுவாக நீட்டி, சுண்டுவிரல் நுனியால் நடுப்பல்லைத் தொட்டு, ஒருதரம் தேய்த்துப் பார்த்தது.